இனமும் பேரரசும்: வரலாற்றை ஆராய்ந்து எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

1901-இல் ஆஸ்திரேலியா ஒரு குடிவரவுச் சட்டம் போட்டது. நாட்டுக்குள் யாரை விடக் கூடாது என்று சொல்லும் பிரிவை எத்தனை முறை படித்தாலும் அதில் நிறம், இனம் என்ற பேச்சே வராது. கப்பலிலிருந்து இறங்குபவரிடம் அதிகாரி 50 சொற்கள் கொண்ட ஒரு பத்தியை வாசிப்பார். வந்தவர் அதைக் கேட்டு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதத் தவறினால் உள்ளே வர முடியாது. பத்தி ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் இருக்க வேண்டும். அது எந்த மொழி என்பதை அதிகாரியே முடிவு செய்வார். இந்தக் கடைசி வரியில்தான் எல்லாம் இருக்கிறது. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஓர் ஆசியர் வந்தால், அவருக்குத் தெரியாத வேறொரு மொழியில் வாசித்தால் போதும்.

பிற்காலத்தில் இதே ஆயுதத்தை அரசுக்குப் பிடிக்காத வெள்ளையர் மேலும் திருப்பினார்கள். 1934-இல் எகோன் கிஷ் என்ற பிராகா நகரத்துப் பத்திரிகையாளர் வந்தபோது, பல மொழிகள் அறிந்த அவருக்கு ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் தேர்வு வைத்தார்கள். அது சட்டம் சொல்லும் ஐரோப்பிய மொழி ஆகாது என்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் அந்தத் தேர்வு 1958 வரை நீடித்தது.

இந்தத் துறைக்குள் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் இந்தச் சட்டத்தைத்தான் காட்டுவேன். 'இனம்' என்ற சொல்லைத் தேடிக்கொண்டு ஆவணங்களுக்குள் போனால் இந்தச் சட்டம் உங்கள் வலையில் சிக்கவே சிக்காது. மனிதர்களின் உடம்பில் ஏற்கெனவே இருந்த இனத்தைப் பேரரசுகள் வந்து கண்டெடுக்கவில்லை. படிவத்தாலும் வரியாலும் கணக்கெடுப்பாலும் தேர்வாலும் அதைச் செய்தார்கள். நாள்தோறும் திரும்பத் திரும்பச் செய்தார்கள். அந்தச் செயலை, செய்த கையோடு சேர்த்துப் பிடிப்பதுதான் வரலாற்றாளரின் வேலை. கீழே சொல்லும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

படி 1: கடலைக் கேள்வியாகச் சுருக்குங்கள்

'பிரிட்டிஷ் பேரரசில் இனவெறி' என்பது தலைப்பு, கேள்வி அல்ல. அதை வைத்துக்கொண்டு பத்து ஆண்டுகள் படிக்கலாம். ஒரு பக்கம்கூட எழுத முடியாது.

நல்ல கேள்வியில் ஓர் இடம், ஒரு காலம், ஒரு செயல், அதைச் செய்த ஆள் நான்கும் இருக்கும். ஓர் உதாரணம். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை சுமார் 1,52,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். முதல் கப்பல் சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ'. ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தபின் அங்கேயே தங்க நினைத்தவர்களைத் துரத்துவதற்காக 1895-இல் நேட்டால் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது: மறுபடி ஒப்பந்தத்தில் சேராமலும் ஊர் திரும்பாமலும் இருந்தால் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி. ஒப்பந்தத்தின் முதல் ஆண்டில் மாதச் சம்பளம் 10 ஷில்லிங். 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங். அதாவது ஆறு மாதச் சம்பளம்.

இப்போது கேளுங்கள்: இந்த வரியை யார் வசூலித்தார்கள்? கட்ட முடியாதவர்களை மாஜிஸ்திரேட்டுகள் என்ன செய்தார்கள்? மறுபடி ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், எந்தத் தோட்டத்தில்? 1913 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1914-இல் வரியை நீக்கியபோது யார் எதிர்த்தார்கள்? ஒவ்வொரு கேள்விக்கும் எந்த அலுவலகத்தின் காகிதத்தைத் தேட வேண்டும் என்பது உடனே தெரிகிறது. கேள்வி சரியாக இருக்கிறதா என்று பார்க்க இதுதான் வழி. எந்தக் காகிதத்தைத் தேடுவது என்று தெரியாவிட்டால் கேள்வி இன்னும் பெரிதாக இருக்கிறது என்று அர்த்தம்.

படி 2: சொற்களை உரசிப் பாருங்கள்

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம்முடைய 'இனம்' மிக அகலமான சொல். பறவையினம் என்கிறோம், தமிழினம் என்கிறோம், பெண்ணினம் என்கிறோம். உறவுக்காரர்களை இனசனம் என்கிறோம். மண்டை ஓட்டை அளந்து மனிதர்களைத் தரம் பிரித்த 19-ஆம் நூற்றாண்டுக் கருத்துக்கும் அதே சொல்தான். அதனால் ஒரு பத்தியில் 'இனம்' என்று எழுதும்போது எந்த இனத்தைச் சொல்கிறோம் என்று வாசகருக்குத் தெரிய வேண்டும். எழுதத் தொடங்கும் முன் ஒரு தனித்தாளில் இனம், மரபினம், சாதி, பூர்வகுடி, காலனியம், பேரரசு ஆகிய சொற்களை எந்தப் பொருளில் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி அத்தியாயம்வரை அந்தத் தாள் மேசையில் இருக்கட்டும்.

அப்புறம், சொற்களுக்கும் வரலாறு உண்டு. 1449-இல் ஸ்பெயினின் டொலேடோ நகரம், யூத மதத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்களின் வழிவந்தவர்களுக்குப் பதவி தரக் கூடாது என்று விதி போட்டது. மதம் மாறியும் 'ரத்தம்' மாறவில்லை என்ற வாதம் அது. இதை 19-ஆம் நூற்றாண்டின் இனக் கோட்பாட்டோடு அப்படியே ஒன்றாக்கிவிட முடியாது. தொடர்பே இல்லை என்று ஒதுக்கவும் முடியாது. அந்த இடைவெளியை அளப்பதே ஒரு ஆராய்ச்சி. போர்ச்சுகீசியர் 'காஸ்டா' என்ற சொல்லோடு இந்தியாவுக்கு வந்தார்கள். இங்கே அது சாதியைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லானது. ஸ்பானிய அமெரிக்காவில் அதே சொல் கலப்பு வம்சாவளியினரை வகைப்படுத்தும் சொல்லானது.

'கூலி' இன்னும் நெருக்கமான உதாரணம். நமக்கு அது வேலைக்குக் கிடைக்கும் பணம். ஆங்கிலத்துக்குப் போன 'கூலி' நம்முடைய சொல்லிலிருந்து வந்ததா, குஜராத்தின் கோலி சமூகத்தின் பெயரிலிருந்து வந்ததா என்று அறிஞர்களிடையே விவாதம் உண்டு. எங்கிருந்து வந்திருந்தாலும், நேட்டாலில் அது எல்லா இந்தியர்களையும் இழிவாகக் குறிக்கும் பெயராகிவிட்டது. வழக்கறிஞராகப் போன காந்தியையே 'கூலி பாரிஸ்டர்' என்றுதான் அழைத்தார்கள். சம்பளத்தின் பெயர் மனிதரின் பெயராகி, பிறகு ஓர் இனத்தின் பெயரான கதை அது.

மொழிக் குடும்பத்தின் பெயர் இனத்தின் பெயராக வழுக்கி விழுந்த கதையும் நமக்கு மிகத் தெரிந்ததே. 'ஆரியர்' என்று தான் சொல்வது மொழியைத்தான், ரத்தத்தையோ எலும்பையோ மயிரையோ அல்ல என்று மாக்ஸ் முல்லரே 1888-இல் எச்சரித்தார். அதற்குள் அந்தச் சொல் அவர் கையை விட்டுப் போயிருந்தது.

படி 3: முன்னால் எழுதியவர்களைப் படியுங்கள்

இதில் நீண்ட நேரம் மூழ்கிக் கிடக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் தாண்டிப் போகவும் கூடாது. பிரிட்டன் அடிமை முறையை ஒழித்தது அதன் மனசாட்சியின் வெற்றி என்றுதான் நெடுங்காலம் எழுதி வந்தார்கள். டிரினிடாட்டில் பிறந்து பின்னாளில் அந்நாட்டின் முதல் பிரதமரான எரிக் வில்லியம்ஸ், 1944-இல் வெளியிட்ட நூலில், சர்க்கரைப் பொருளாதாரத்தின் சரிவையும் பிரிட்டிஷ் தொழில் முதலின் மாறிய தேவையையும் முன்வைத்து அந்தக் கதையைக் கவிழ்த்தார். அவர் வாதத்தின் பகுதிகளைப் பிறகு வந்தவர்கள் மறுத்தார்கள், சிலவற்றை உறுதிப்படுத்தினார்கள். விவாதம் இன்றும் நடக்கிறது. ஆவணங்கள் பெரும்பாலும் முன்பே இருந்தவைதான். கேட்ட ஆளும் கேட்ட கேள்வியும் மாறியதால் பதில் மாறியது.

எந்த நூலைப் படித்தாலும் ஓரத்தில் மூன்று குறிப்பு எழுதுங்கள்: ஆசிரியர் கேட்ட கேள்வி என்ன, எந்தக் காகிதங்களை நம்பினார், யாருடைய குரல் அதில் வரவே இல்லை. மூன்றாவது குறிப்பிலிருந்துதான் உங்கள் ஆராய்ச்சி பிறக்கும்.

படி 4: காப்பகத்துக்குப் போகுமுன் காப்பகத்தைப் படியுங்கள்

ஆவணக் காப்பகம் என்பது கடந்த காலம் தானாக வந்து தங்கிய இடம் அல்ல. யாரோ எழுதினார்கள், யாரோ வைத்துக்கொண்டார்கள், யாரோ எரித்தார்கள்.

1950-களில் கென்யாவில் மாவ் மாவ் கிளர்ச்சியை ஒடுக்கியபோது தடுப்பு முகாம்களில் சித்திரவதைக்கு ஆளான முதியவர்கள் பிரிட்டிஷ் அரசின்மீது லண்டனில் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கின் நெருக்கடியில்தான், 37 முன்னாள் காலனிகளிலிருந்து கொண்டுவந்த சுமார் 8,800 கோப்புகள் ஹான்ஸ்லோப் பார்க் என்ற அரசு வளாகத்தில் இருப்பதை 2011-இல் பிரிட்டன் ஒப்புக்கொண்டது. அரை நூற்றாண்டு காலம் அவை எந்தப் பொதுப் பட்டியலிலும் இல்லை. 2013-இல் 5,228 கென்யர்களுக்காக 1 கோடியே 99 லட்சம் பவுண்டு தர அரசு இசைந்தது.

அந்தக் கோப்புகளோடு, மற்றக் கோப்புகளை எப்படி அழிப்பது என்ற கட்டளைகளும் வெளிவந்தன. அரசுக்குச் சங்கடம் தரக்கூடியவை புதிய நாடுகளின் கையில் சிக்கக் கூடாது. எரிக்க வேண்டும், அல்லது பாரம் கட்டிய பெட்டிகளில் அடைத்து, நீரோட்டம் இல்லாத ஆழ்கடலில் போட வேண்டும். கென்யாவில் இந்த ரகசியக் காகிதங்களைத் தொட அனுமதி, 'ஐரோப்பிய வம்சாவளி பிரிட்டிஷ் குடிமக்களாக' இருந்த ஊழியர்களுக்கு மட்டுமே. எந்தக் காகிதம் நம் கைக்கு வர வேண்டும் என்பதை முடிவு செய்த இடத்திலேயே இனம் உட்கார்ந்திருந்தது. இதைப் படித்த நாளிலிருந்து, ஒரு கோப்பைத் திறக்கும்போது அதன் பக்கத்தில் இல்லாத கோப்பையும் நினைக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

நடைமுறைக்கு வருவோம். முதலில், அந்தப் பேரரசில் காகிதம் எப்படிப் பயணம் செய்தது என்று ஒரு படம் வரைந்துகொள்ளுங்கள். மாவட்ட அதிகாரி எழுதுவார், மாகாணச் செயலகம் சுருக்கும், ஆளுநர் தலைநகருக்கு அனுப்புவார், அங்கே எழுத்தர்கள் ஓரத்தில் குறிப்பு எழுதுவார்கள். ஒவ்வொரு படியிலும் ஏதோ உதிரும், ஏதோ மெருகேறும். மாவட்டத்தில் 'பஞ்சத்தில் செத்தார்கள்' என்று இருந்தது மேலே போகும்போது 'வழக்கத்தைவிட அதிக இறப்பு' ஆகிவிடக்கூடும். அதனால் முடிந்தவரை ஒரே செய்தியின் கீழ்ப்படிக் காகிதத்தையும் மேல்படிக் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஓரக் குறிப்புகளையும் அடித்தல் திருத்தல்களையும் விடாதீர்கள். அச்சில் வந்த அறிக்கையைவிட வரைவில் அடித்த வரி அதிகம் பேசும்.

இரண்டாவது, தேடும் சொற்கள். பழைய பட்டியல்கள் பழைய மொழியில் இருக்கின்றன. இன்று நாம் சொல்லக் கூசும் சொற்களைத் தேடுபெட்டியில் இட்டால்தான் கோப்பு கிடைக்கும். அவற்றுக்குத் தனிப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள், தேடுவதற்கு மட்டும்.

மூன்றாவது, ஒரே பேரரசின் காகிதம் பல நாடுகளில் சிதறிக் கிடக்கும். ஸ்பானியப் பேரரசுக்கு செவில்லில் 1785-இல் தொடங்கிய 'இண்டீஸ்' காப்பகம் (ஸ்பானியர் தங்கள் அமெரிக்கக் காலனிகளை அப்படித்தான் அழைத்தார்கள்), பிரெஞ்சுக் காலனிகளுக்கு எக்ஸ்-ஆன்-புரொவான்ஸ், பிரிட்டிஷ் காலனி அலுவலகத்துக்கு லண்டன் கியூவில் உள்ள தேசியக் காப்பகம், இந்திய அலுவலகத்துக்கு பிரிட்டிஷ் நூலகம். ஆண்டவர்களின் ஊரில் இருப்பதும் ஆளப்பட்டவர்களின் ஊரில் இருப்பதும் ஒரே காகிதம் அல்ல. ஒன்று போய்ச் சேர்ந்த கடிதம், மற்றது அனுப்பிய கையில் தங்கிய நகல்.

படம் எடுக்கும்போது கோப்பின் அட்டையையும் எண்ணையும் முதலில் எடுங்கள். அப்புறம்தான் உள்ளே.

படி 5: ஒரு தாளை முன்னால் வைத்து உட்காருங்கள்

ஜமைக்காவின் அடிமைப் பதிவேட்டை எடுத்துக்கொள்வோம். 1817-இல் தொடங்கி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு உடைமையாளரும் தன்னிடம் இருந்தவர்களின் பட்டியலைத் தர வேண்டும். மேலே உடைமையாளரின் முழுப் பெயர். கீழே கட்டங்கள்: பெயர், நிறம், வயது, ஆப்பிரிக்காவில் பிறந்தவரா தீவில் பிறந்தவரா, குறிப்பு.

எதற்காக இந்தத் தாள்? அடிமை வணிகத்தை 1807-இல் பிரிட்டன் தடை செய்துவிட்டது. அதற்குப் பிறகு திருட்டுத்தனமாக ஆட்களைக் கொண்டுவருகிறார்களா என்று கண்காணிக்கத்தான். அந்த நோக்கம் கட்டங்களைத் தீர்மானித்தது. ஆப்பிரிக்காவில் பிறந்தவர்களின் எண்ணிக்கை கூடினால் கள்ளக்கடத்தல் என்று அர்த்தம். அதனால் பிறந்த இடம் கேட்டார்கள். அவர் பேசிய மொழியையோ ஊர்ப் பெயரையோ கேட்கவில்லை, அது அரசுக்குத் தேவைப்படவில்லை.

இப்போது 'நிறம்' என்ற கட்டத்துக்கு வாருங்கள். அங்கே எழுதியிருப்பது தோலின் நிறம் என்று நினைத்தால் ஏமாந்துவிடுவோம். பெற்றோர், பாட்டன் பாட்டிகளில் எத்தனை பேர் வெள்ளையர் என்று கணக்கிட்டு வைத்த வகைப் பெயர்கள் அவை. நிறம் என்ற தலைப்பில் வம்சாவளிக் கணக்கு. அந்தக் கணக்குக்குப் பின்னால் தோட்டங்களில் பெண்கள்மீது நடந்த வன்முறை இருக்கிறது. எழுதியவர் அதைச் சொல்லவில்லை. ஆனால் கட்டம் சொல்லிவிடுகிறது.

கடைசிக் கட்டமான 'குறிப்பு' பல சமயம் எழுத்தர் அவசரமாக நிரப்பிய இடம். அங்கே 'இன்னாருடைய மகன்' என்று தாயின் பெயர் வரும். அந்த ஒற்றை வரியைப் பிடித்து, மூன்று ஆண்டுக்குப் பிந்திய பதிவேட்டிலும் அதற்கு அடுத்ததிலும் தாயையும் பிள்ளையையும் தொடர்ந்து போனால் ஒரு குடும்பம் எழுந்து நிற்கும். உடைமையின் கணக்குக்காக எழுதிய தாளில் உறவின் சுவடு. இந்தத் துறையின் ஆழ்ந்த உழைப்பு எல்லாம் இப்படிப்பட்ட வரிகளில்தான் நடக்கிறது.

ஒப்பந்தக் கூலிகளின் குடிபெயர்வு அனுமதிச் சீட்டையும் இப்படியே வாசிக்கலாம். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உயரம், உடம்பில் உள்ள அடையாளம். இங்கே தந்தை பெயரும் ஊரும் இருக்கின்றன. அடிமைப் பதிவேட்டில் இல்லாதவை. அடிமை முறைக்கும் ஒப்பந்த முறைக்கும் உள்ள வேறுபாடு சட்டப் புத்தகத்தில் மட்டுமல்ல, இந்தக் கட்டங்களிலும் தெரிகிறது. ஒற்றுமையும் தெரிகிறது: இரண்டு தாளிலும் உடம்பை வேறொருவர் பார்த்து எழுதியிருக்கிறார். 'இடது முழங்காலில் தழும்பு' என்று ஒரு சீட்டு சொன்னால், அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று கேட்க எழுத்தருக்கு நேரம் இருந்திருக்காது. நமக்கு இருக்கிறது. பதில் கிடைக்காவிட்டாலும் கேள்வியை எழுதி வையுங்கள்.

படி 6: வழக்குகளில் கேட்கும் குரல்

1781-இல் 'சாங்' என்ற பிரிட்டிஷ் அடிமைக் கப்பலில், குடிநீர் போதவில்லை என்று காரணம் சொல்லி, 130-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை உயிரோடு கடலில் எறிந்தார்கள். இது நமக்கு எப்படித் தெரியும்? கொலை வழக்கு நடக்கவில்லை. இழந்த 'சரக்குக்கு' உரிமையாளர்கள் காப்பீட்டுப் பணம் கேட்டார்கள், காப்பீட்டாளர்கள் மறுத்தார்கள், 1783-இல் நீதிமன்றத்துக்குப் போனது. தானும் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒலௌடா எக்வியானோ இந்தச் செய்தியை அடிமை ஒழிப்புப் போராளி கிரான்வில் ஷார்ப்பிடம் கொண்டுபோனதால்தான் அது வெளியே பரவியது.

ஒரு காகிதத்தை இரண்டு திசையில் வாசிக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வது இதனால்தான். எழுதியவர் போக்கிலேயே போய் வாசித்தால், மனிதர்களைச் சரக்காகப் பார்ப்பது அந்த நீதிமன்றத்தில் எவ்வளவு சாதாரணமாக இருந்தது என்று புரியும். எதிர்ப்போக்கில் வாசித்தால், எறியப்பட்டவர்களைப் பற்றி அங்கொன்றும் இங்கொன்றுமாக உதிர்ந்த சொற்கள் கிடைக்கும். இரண்டாவதை மட்டும் செய்கிறவர்கள் ஆட்சியின் இயந்திரத்தைப் புரிந்துகொள்ளாமல் போவார்கள். முதலாவதை மட்டும் செய்கிறவர்கள் அந்த இயந்திரத்தின் கண்ணாலேயே பார்த்துப் பழகிவிடுவார்கள்.

சாட்சியங்களை வாசிக்கும்போது இன்னொரு கவனம் வேண்டும். ஆளப்பட்டவர்களின் வாக்குமூலம் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளர் வழியாக வந்து, கேள்விகளை நீக்கிவிட்டு, பதில்களை ஒரே மூச்சில் பேசியதுபோல் கோத்து எழுதியது. யார் கேட்டார், எந்த மொழியில் பேசினார், எவர் பெயர்த்தார் என்று தெரிந்துகொள்ளாமல் 'அவர் இப்படிச் சொன்னார்' என்று எழுதிவிடாதீர்கள்.

படி 7: எண்களை நம்புங்கள், எண்ணியவரைச் சோதியுங்கள்

அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் ஏறக்குறைய 36,000 கப்பல் பயணங்களின் விவரத்தைப் பல நாட்டு ஆய்வாளர்கள் ஒரு தரவுத்தளத்தில் சேர்த்திருக்கிறார்கள். சுமார் 1 கோடியே 25 லட்சம் பேரைக் கப்பலில் ஏற்றினார்கள், சுமார் 1 கோடியே 7 லட்சம் பேர் உயிரோடு கரை இறங்கினார்கள் என்பது அதன் மதிப்பீடு. இடையில் உள்ள 18 லட்சம் பேருக்குக் கடல்தான் கல்லறை. இப்படி ஒரு பரப்பை எண்ணில்லாமல் காட்ட முடியாது.

பணத்தின் தடத்தையும் விடாதீர்கள். 1833 சட்டப்படி அடிமை முறையை ஒழித்தபோது பிரிட்டன் 2 கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது, உடைமையாளர்களுக்கு. விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு காசும் இல்லை. அதற்காக வாங்கிய கடனின் கடைசிப் பாக்கியை பிரிட்டிஷ் அரசு 2015-இல்தான் அடைத்தது. உரிமை கோரியவர்கள் பெயர், முகவரி, தொகையோடு கணக்குப் புத்தகங்கள் இருப்பதால், அந்தப் பணம் எந்தக் குடும்பத்துக்கு, எந்த வங்கிக்கு, எந்த ரயில் பாதைக்குப் போனது என்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்களால் தொடர முடிந்தது.

ஆனால் மக்கள்தொகைக் கணக்கு வேறு வகை. அங்கே எண்ணுவதே உருவாக்குவது. மலாயாவில் 1871 கணக்கெடுப்பில் அச்சேனியர், பூகிஸ், ஜாவானியர், மலாய்க்காரர் என்று பல பெயர்கள் சமமாக ஒரே வரிசையில் நின்றன. 1891-இல் அவற்றை ஒரு சில பெருந்தலைப்புகளின்கீழ் அடுக்கினார்கள். 'மலாய்க்காரரும் தீவுக்கூட்டத்தின் பிற சுதேசிகளும்' என்பது ஒன்று. 'தமிழரும் இந்தியாவின் பிற சுதேசிகளும்' என்பது இன்னொன்று. ஒரு மேசையில் யாரோ அடைப்புக்குறி போட்டதுபோல் தெரியும் இந்த அடுக்கு, பின்னாளில் அரசியலும் பள்ளிக்கூடமும் வேலைவாய்ப்பும் நடக்கும் சட்டகமாகிவிட்டது. இந்தியாவில் 1901 கணக்கெடுப்பை நடத்திய ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் அகலத்தை நீளத்தோடு ஒப்பிட்டு வரும் எண் சாதி அந்தஸ்தோடு பொருந்துகிறது என்று வாதாடினார். சாதிகளைச் சமூக மதிப்பு வரிசைப்படி அடுக்கவும் சொன்னார். உடனே ஊருக்கு ஊர் சாதிச் சங்கங்கள் 'எங்கள் இடம் இதுவல்ல' என்று மனுப் போட்டன. அளவுகோல் தவறு. ஆனால் அது உண்டாக்கிய மனுக்களும் சங்கங்களும் உண்மை. வரலாற்றாளர் இரண்டையும் சொல்ல வேண்டும்.

படி 8: தாளுக்கு வெளியே

எழுதப் படிக்க விடாமல் வைத்தவர்களின் வரலாற்றை எழுத்தில் மட்டும் தேடுவது நியாயமில்லை. பாட்டு, தாலாட்டு, தோட்டத்து வழிபாட்டு இடங்கள், கல்லறைகள், குடும்பத்தில் சொல்லிச் சொல்லி வந்த கதைகள் எல்லாம் சான்றுதான். நேர்காணலில் ஆண்டு தப்பாக வந்தால் பதறாதீர்கள். ஒருவர் ஏன் இரண்டு நிகழ்ச்சிகளை ஒன்றாக்கி நினைவில் வைத்திருக்கிறார் என்பதே பெரிய செய்தி.

புகைப்படங்களில் எச்சரிக்கை வேண்டும். 1869-இல் ஜான் லாம்ப்ரி, பட்டு நூலால் இரண்டு அங்குலக் கட்டங்கள் பின்னிய சட்டகத்தின் முன் மனிதர்களை நிறுத்திப் படமெடுத்து அளக்கும் முறையைச் சொன்னார். அப்படிப்பட்ட படத்தை அலங்காரமாக அச்சிட்டால் அந்த அவமானத்தை நாமும் ஒருமுறை செய்கிறோம். வாதத்துக்குத் தேவைப்பட்டால் மட்டும் போடுங்கள். எடுத்த சூழலைப் படத்தின் கீழேயே எழுதுங்கள். எலும்புகளும் இந்தக் கதையில் உண்டு. ஐரோப்பாவில் காட்சிப்பொருளாகக் காட்டப்பட்டு 1815-இல் பாரிஸில் இறந்த சாரா பார்ட்மனின் உடல் எச்சங்கள் 2002-இல்தான் தென்னாப்பிரிக்க மண்ணுக்குத் திரும்பின.

படி 9: இணைப்புகளைத் தேடுங்கள்

தொடக்கத்தில் சொன்ன ஆஸ்திரேலியத் தேர்வு அங்கே பிறந்தது அல்ல. 1890-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம், கறுப்பர்களை வாக்களிக்க விடாமல் தடுக்க அரசமைப்புச் சட்டத்தை வாசிக்கச் சொல்லும் விதியைக் கொண்டுவந்தது. 1897-இல் நேட்டால், குடிவரவு விண்ணப்பத்தை ஐரோப்பிய மொழியில் எழுத வேண்டும் என்று சட்டம் போட்டது. அதே ஆண்டு காலனிப் பிரதமர்கள் லண்டனில் கூடியபோது, இனத்தைப் பெயர் சொல்லி விலக்காமல் நேட்டால் வழியைப் பின்பற்றலாம் என்று காலனித் துறை அமைச்சர் ஜோசப் சேம்பர்லேன் வலியுறுத்தினார். ராணியின் இந்தியக் குடிகள் நேரடியாக அவமதிக்கப்பட்டதாகத் தெரியக் கூடாது, விலக்கவும் வேண்டும். நான்கே ஆண்டில் ஆஸ்திரேலியா அதை எடுத்துக்கொண்டது. ஒரு நாட்டின் வரலாற்றை மட்டும் படித்தால் இந்தப் பயணம் கண்ணில் படாது.

எதிர்ப்பும் இப்படியே பயணம் செய்தது. 1873-இல் ஜோதிராவ் புலே தன் 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946-இல் அம்பேத்கர், தீண்டத்தகாதோர் நிலைக்கும் அமெரிக்கக் கறுப்பர் நிலைக்கும் உள்ள ஒப்புமையைக் குறித்து அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அதே அம்பேத்கர், சாதி என்பது இன வேறுபாடு என்ற கோட்பாட்டை உறுதியாக மறுத்தவர். ஒப்பிடுவது வேறு, ஒன்று என்பது வேறு. இந்த வேறுபாட்டைக் காப்பாற்றத் தெரிந்தவர் கையில்தான் ஒப்பீடு பயன் தரும்.

படி 10: எழுதும்போது வினைமுற்றைக் கவனியுங்கள்

தமிழில் எழுதுகிறவர்கள் மிக எளிதாகச் சறுக்கும் இடம் இது. ஆங்கிலத்தில் ஆளுநருக்கும் அடிமைக்கும் ஒரே வினை. தமிழில் அப்படி இல்லை. 'ஆளுநர் உத்தரவிட்டார், அடிமை ஓடினான், அவனைப் பிடித்து வந்தார்கள்.' இந்த வாக்கியத்தில் தோட்டத்தின் படிநிலை அப்படியே நம் வினை விகுதியில் வந்து உட்கார்ந்துவிட்டது. எழுதியவருக்கே தெரியாமல். என் பழைய வரைவு ஒன்றில் கவர்னர்களுக்கெல்லாம் 'ஆர்', கூலிகளுக்கெல்லாம் 'ஆன்' போட்டிருந்ததை நண்பர் ஒருவர் சிவப்பு மையால் சுழித்துக் காட்டினார். அன்று பட்ட வெட்கம் இன்னும் இருக்கிறது. ஆளுநருக்கு 'ஆர்' என்றால் ஓடியவருக்கும் 'ஆர்'.

அடுத்தது செயப்பாட்டு வினை. 'கிராமங்கள் அழிக்கப்பட்டன', 'உயிர்கள் பறிபோயின' என்று எழுதினால் செய்தவர் மறைந்துவிடுகிறார். 1865-இல் ஜமைக்காவின் மொரான்ட் பேயில் எழுந்த கிளர்ச்சிக்குப் பிறகு, ஆளுநர் எட்வர்ட் ஏர் அறிவித்த ராணுவச் சட்டத்தின்கீழ் படையினர் 439 பேரைக் கொன்றார்கள், 1,000 வீடுகளை எரித்தார்கள் என்று அரசின் விசாரணை ஆணையமே கணக்குச் சொன்னது. ஆள் தெரிந்த இடத்தில் ஆளைச் சொல்லுங்கள்: 'படையினர் கொன்றார்கள்.'

கலகமா, கிளர்ச்சியா, புரட்சியா? அடக்கியவர்கள் வைத்த பெயரை யோசிக்காமல் எடுத்துக்கொள்ளாதீர்கள்; பிடித்த பெயரைக் காரணம் சொல்லாமல் வைத்துவிடவும் வேண்டாம். 'அடிமைகள்' என்பதற்குப் பதில் 'அடிமைப்படுத்தப்பட்டவர்கள்' என்று எழுதுவது வழக்கமாகி வருகிறது. நிலைமை பிறவியில் வந்ததல்ல, யாரோ செய்தது என்று அது சொல்கிறது. நல்ல வழக்கம்தான். ஆனால் பக்கத்துக்கு இருபது முறை வந்தால் வாக்கியம் மூச்சுத் திணறும். பெயர் கிடைத்த இடத்தில் பெயரைச் சொல்லுங்கள், தொழில் தெரிந்த இடத்தில் தச்சர், மருத்துவச்சி, படகோட்டி என்று எழுதுங்கள். இழிசொற்கள் மேற்கோளுக்குள் மட்டும் இருக்கட்டும், அதுவும் அந்தச் சொல்லே சான்றாக இருக்கும்போது.

பேரரசால் வந்த நன்மை தீமைகளை இரண்டு பத்தியில் எழுதிக் கூட்டிக் கழிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்பேன். ஒரு பக்கம் ரயில், மறுபக்கம் பஞ்சம் என்று தராசு பிடிப்பது ஆராய்ச்சி அல்ல. அதே ரயில் யார் பணத்தில் வந்தது, முதலீட்டாளர்களுக்கு 5 சதவீத வருமானத்தை யார் வரியிலிருந்து உறுதி செய்தார்கள், பஞ்சத்தின்போது அது தானியத்தை எந்தத் திசையில் ஏற்றிச் சென்றது என்று கேளுங்கள். அப்போது தராசு தேவைப்படாது. நம்மவர் பங்கையும் மறைக்காதீர்கள். தோட்டங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுத்த கங்காணிகளும் தமிழர்கள்தான், கடனில் கட்டி வைத்தவர்களிலும் தமிழர் உண்டு.

கடைசிப் படி

வரைவு முடிந்ததும் ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். பிறகு மூன்று முறை படியுங்கள். முதல் முறை எண்களையும் ஆண்டுகளையும் மட்டும், ஒவ்வொன்றையும் மூலப் படத்தோடு ஒப்பிட்டு. இரண்டாம் முறை எழுவாய்களை மட்டும்: யார் செய்தார் என்று தெரியாத வாக்கியம் எத்தனை, அவற்றில் உண்மையிலேயே தெரியாதவை எத்தனை. மூன்றாம் முறை வாய்விட்டு.

நேர்காணல் தந்த குடும்பங்கள் இருந்தால், அவர்கள் சொன்னது வரும் பக்கங்களை அச்சுக்குப் போகுமுன் அவர்களுக்கு அனுப்புங்கள். திருத்தம் சொன்னால் கேளுங்கள். ஆவணத்தோடு முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள். கடிதத்தோடு, அவர்களின் பாட்டனார் அல்லது பாட்டியார் பெயர் வரும் பதிவேட்டுப் பக்கத்தின் நகல் ஒன்றையும் வைத்து அனுப்புங்கள். அந்தத் தாளை அவர்கள் இதுவரை பார்த்திருக்க வாய்ப்பில்லை.